என் வீட்டு விலாசம்

என் வீட்டு விலாசம் வேண்டுமா? என்னைக் கேட்க வேண்டாம். காவல்துறையின் இணையதளத்துக்குப் போங்கள். மாவட்டம் தர்மபுரி என்று தட்டுங்கள். நிலையத்தின் பெயர், வருஷம் முதலான விவரங்களைக் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை திறக்கும். புகார்தாரர் என்ற கட்டத்தில் என் பெயர், என் கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாம் இருக்கும். மணல் ஏற்றிய டிப்பரின் எண் அதற்குக் கீழே. அந்த டிப்பரை அனுப்பியவன் யார் என்பது மட்டும் இருக்காது. ‘பெயர், விலாசம் தெரியாத நபர்.’ அவன் விலாசம் யாருக்கும் தெரியாது, என் விலாசம் எல்லோருக்கும் தெரியும். அதுதான் அந்தத் தாளின் லட்சணம்.

தென்பெண்ணைக் கரையில் ஒரு கிராமத்துக்கு நான் நிர்வாக அலுவலர், வி.ஏ.ஓ. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வாரிசுச் சான்று, இறந்தவர் கணக்கு, வாக்காளர் பட்டியல், வெள்ள நிவாரணம், ஜமாபந்திக் கணக்கு எல்லாம் என் தலையில். ஆற்றில் மணல் போனாலும் ஏரியில் மண் போனாலும் அதுவும் என் தலையில்தான். ராத்திரி ஒரு மணிக்கு பொக்லைன் சத்தம் கேட்டு யாரோ கலெக்டர் ஆபீசுக்கு போன் போட்டால், அது தாசில்தாருக்குப் போய், ஆர்.ஐ.க்கு இறங்கி, கடைசியில் என் செல்போனில் வந்து நிற்கும். ‘உடனே ஸ்பாட்டுக்குப் போங்கம்மா.’ எங்கே போவது? யாரோடு போவது? நானும் எங்கள் தலையாரி அண்ணனும் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும். அண்ணனுக்கு ரிடையர் ஆகும் வயசு, முழங்கால் வலி வேறு. எதிரே பத்துச் சக்கர டிப்பர்.

மறுநாள் புகார் எழுதுவதும் நான்தான். கனிமச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அதிகாரம் பெற்றவர்கள் மேலே வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் ‘மேற்படி கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில்’ என்றுதான் எல்லா வழக்கும் ஆரம்பிக்கும். நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

ஒரு முறை நிலையத்தில் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேரவில்லை, போன் வந்துவிட்டது. குரல் மிரட்டலாகக்கூட இல்லை, அவ்வளவு மரியாதை.

“அக்கா, நம்ம வண்டிங்க அது. தெரியாம எழுதிட்டீங்கன்னு நெனக்கிறேன். பேரை வாபஸ் வாங்கிடுங்க. பாப்பாவ ஸ்கூல் வேன்லதான அனுப்பறீங்க? வேனு எத்தன மணிக்கு வருதுன்னு எல்லாருக்கும் தெரியுங்கா.”

அக்கா என்று கூப்பிட்டுத்தான் சொன்னான்.

அந்த வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம், நம்பர் போட்டு, திரும்ப அதே நிலையத்துக்குப் போனேன். எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, “அடிச்சாங்களா மேடம்?” என்றார். இல்லை என்றேன். “கை வெச்சாங்களா? ஆபீஸ்ல புகுந்தாங்களா?” இல்லை. “அப்போ வெறும் பேச்சுதான மேடம். பேசுறவன் செய்ய மாட்டான்” என்று ரசீது போடாமலே தாளை மேசைக்குள் வைத்துக்கொண்டார். பாவம், அவரும் ராத்திரி பகலாக வேலை செய்கிற ஆள்தான். அவர் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து படித்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 189 என்று ஒரு பிரிவு. 1860இல் வெள்ளைக்காரன் எழுதியது. அரசு ஊழியரை மிரட்டி அவர் வேலையைச் செய்ய விடாமல் தடுக்கப் பார்த்தாலும், அவருக்கு வேண்டப்பட்டவர்களுக்குத் தீங்கு செய்வேன் என்று மிரட்டினாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. என் பாப்பாவுக்காகவே எழுதி வைத்ததுபோல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அது 224 என்று எண் மாறியது. ஆனால் வகை மாறவில்லை. நடுவர் மன்றத்தின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கக்கூட முடியாத குற்றம் அது. ஜாமீனும் உண்டு. நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு பிரிவு அந்தப் புத்தகத்தில் தூங்குகிறது. இந்தப் பிரிவில் வழக்குப் பதிந்ததாக ஒரு வரி செய்தி நான் படித்ததில்லை.

படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. கை வைத்தால் 132ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை. காயம் பட்டால் 121. முன்பு மூன்று ஆண்டாக இருந்ததை இப்போது ஐந்தாக ஏற்றியிருக்கிறார்கள். எலும்பு முறிந்தால் குறைந்தது ஓராண்டு, அதிகம் போனால் பத்து. கொன்றுவிட்டால் 103, எல்லோருக்கும் பொதுவான கொலைப் பிரிவு. ரத்தம் வர வரத் தண்டனை ஏறுகிறது. ரத்தம் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு போன் காலுக்கு மட்டும் சட்டத்துக்குக் காது கேட்கவில்லை.

லூர்து பிரான்சிஸ் சாரை நினைக்காத நாள் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்து வி.ஏ.ஓ. தாமிரபரணி மணலைத் திருடியவர் மேல் 2023 ஏப்ரல் 13ஆம் தேதி போலீசில் புகார் கொடுத்தார். ஏப்ரல் 25ஆம் தேதி, நடுப்பகலில், தன் அலுவலகத்துக்குள்ளேயே, தன் நாற்காலியிலேயே வெட்டுப்பட்டார். பன்னிரண்டு நாள் இடைவெளி. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தப் புகார் எங்கே இருந்தது? யார் மேசையில் இருந்தது? யார் யார் படித்தார்கள்?

பிறகு எல்லாம் மின்னல் வேகம். முதலமைச்சர் 1 கோடி ரூபாய் நிவாரணமும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தார். செப்டம்பர் 15ஆம் தேதி தூத்துக்குடி நீதிமன்றம் கொலையாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. கொலை நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இந்த நாட்டில் ஒரு கொலை வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்தது அதிசயம்தான். நீதிபதியையும், வழக்கு நடத்திய போலீசையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். செத்த பிறகு இத்தனை வேகமாக ஓடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, உயிரோடு இருந்த பன்னிரண்டு நாளில் ஒரு அடி நடக்கத் தெரியாமல் போனது ஏன்?

அவர் வெட்டுப்பட்ட செய்தி வந்த மறுநாள் என் ஆபீசை முதல் முறையாகப் பார்த்தேன். அதாவது, பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்தேன். ஒரே அறை, ஒரே கதவு, என் நாற்காலி கதவுக்கு எதிரே. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், அதனால் அந்த வழியாகவும் ஓட முடியாது. பாத்ரூம் கிடையாது, பக்கத்து வீட்டு அத்தை வீட்டுக்குத்தான் போக வேண்டும். (பெண் வி.ஏ.ஓ.க்களை வரிசையாக நியமிக்கிறார்கள். அவர்கள் எங்கே ஒன்றுக்குப் போவார்கள் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. உயிருக்குப் பாதுகாப்பு பிறகல்லவா?) மேசையைச் சுவரோரம் திருப்பிப் போட்டேன். தலையாரி அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

நாங்கள் மட்டும் இல்லை. 2018 மே மாதம் நாங்குநேரி பக்கம் நம்பியாற்று மணல் திருட்டைத் தடுக்கப் போன காவலர் ஜெகதீஷ் துரை அடித்துக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் தனியாகத் துரத்திப் போன நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் வெட்டப்பட்டார். 2022 ஜூலையில் ஹரியானா நூவில் டி.எஸ்.பி. ஒருவர் மேல் கல் லாரியை ஏற்றினார்கள். மத்தியப் பிரதேசம் ஷாடோல் மாவட்டத்தில் 2023 நவம்பரில் ஒரு பட்வாரியை, நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரிதான், மணல் டிராக்டர் ஏற்றிக் கொன்றார்கள். ஆறு மாதத்துக்குள் அதே மாவட்டத்தில் ஒரு உதவி சப்-இன்ஸ்பெக்டர், அதே மாதிரி, மணல் டிராக்டர். முதல் சாவுக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் என்ன மாறியது என்று யாராவது சொல்லுங்கள்.

எங்கள் தர்மபுரிக்கு இந்தக் கதை புதுசில்லை. வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸை 1991 நவம்பரில் வீரப்பன் கொன்றது, 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் சிதறியது எல்லாம் இந்தக் காட்டோரத்துக் கதைகள். கடைசியில் 2004 அக்டோபர் 18 அன்று அவன் முடிந்ததும் எங்கள் பாப்பாரப்பட்டியில்தான். மீசை வைத்த, பேர் பெற்ற, காட்டில் ஒளிந்த கொலைகாரனுக்கு இரண்டு மாநிலம் சேர்ந்து படை வைத்துத் தேடியது. எங்களைக் கொல்ல வருகிறவன் காட்டில் ஒளிவதில்லை. கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், பரிவட்டம் கட்டிக்கொள்கிறான், எங்களுக்கும் பிரசாதம் எடுத்து நீட்டுகிறான். அவனைத் தேட எந்தப் படையும் வேண்டாம். தொட ஆள்தான் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் மனசுக்குள் ஒன்று சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். “வி.ஏ.ஓ.வா? என்ன வாங்கினானோ, பங்கு சரியாப் போகலையோ.” டீக்கடையில் என் காது படவே சொன்னார்கள், லூர்து பிரான்சிஸ் செத்த வாரமே. ரசாயனப் பவுடர் தடவிய நோட்டை வாங்கி மாட்டிக்கொள்கிற வி.ஏ.ஓ. செய்தி வாரத்துக்கு ஒன்று வருகிறது. பட்டா மாற்ற நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவனிடம் போய் எனக்காக அழு என்று நான் சொல்ல முடியாது. வாங்குகிறவன் வாங்கிவிட்டு நிம்மதியாக ரிடையர் ஆகிறான். வாங்காதவனைத்தான் வெட்டுகிறார்கள். அதை மட்டும் யோசியுங்கள்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அரசு ஊழியருக்குப் பாதுகாப்பு என்று நான் வாய் திறக்க முடியாது.

அரூர் தாலுகா, சித்தேரி மலை அடிவாரம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடப் போன வனத்துறையினருக்கும் ஊராருக்கும் கைகலப்பு. வனத்துறைக்காரர் ஒருவருக்கு அடி பட்டது. அரசு ஊழியரைத் தாக்கிவிட்டார்கள்! அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 பேர் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகளை உடைத்தார்கள். தானியத்தில் கண்ணாடித் துண்டையும் மண்ணெண்ணெயையும் கலந்தார்கள். கிணற்றை நாசம் செய்தார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே, கைக்குழந்தைகளோடு, குற்றவாளிகள் என்று சேலம் சிறையில் அடைத்தார்கள்.

எங்களைக் காப்பாற்றவென்று இருக்கிற பிரிவுகளை ஊர் மேல் எழுதிவிட்டு, எங்களைச் சேர்ந்தவர்கள் செய்த வேலை அது. தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் ஐந்து பேர் என் துறை. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. லூர்து பிரான்சிஸ் வழக்கில் தீர்ப்பு வந்த அதே செப்டம்பர்தான். அரசு ஊழியர் செத்ததற்கு ஐந்து மாதத்தில் தீர்ப்பு. அரசு ஊழியர்கள் கெடுத்த பெண்களுக்கு உயர் நீதிமன்றம் வரை முப்பத்தோரு வருஷம்.

இதை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு, அரசு ஊழியரைத் தொட்டால் கையை வெட்டும் மாதிரி சட்டம் கொண்டு வா என்று கேட்பேன்? கேட்க மாட்டேன். கேட்கிற சங்கக்காரர்களோடு எனக்குச் சண்டைகூட உண்டு. ‘பணி செய்ய விடாமல் தடுத்தார்’ என்கிற பிரிவு இன்றைக்கு யார் மேல் பாய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்று காலிக்குடத்தோடு பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பொம்பளைகள் மேல் பாய்கிறது. சான்றிதழ் கிடைக்காமல் கவுண்டரில் சத்தம் போட்ட பையன் மேல் பாய்கிறது. பத்துச் சக்கர டிப்பரைக் கண்டால் மட்டும் அதற்குப் பல் விழுந்துவிடுகிறது.

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியரைப் பணி காரணமாகக் கொன்றால் தனிக் குற்றம், குடும்பத்தை மிரட்டினாலும் தனிக் குற்றம் என்று வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். நம்மிடம் தனிச் சட்டம் இல்லாமலா போயிற்று? மருத்துவமனைகளுக்கென்று தமிழ்நாடு 2008லேயே கொண்டு வந்தது, தாக்கினால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டர் பாலாஜியைக் கத்தியால் குத்தியவன் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டா வந்தான்? வாசலில் பையைச் சோதிக்க ஆள் இருந்திருந்தால் கத்தி நின்றிருக்கும். சட்டப் புத்தகம் கத்தியை நிறுத்தவில்லை.

எனக்குத் தூக்குக் கயிறு வேண்டாம். 1 கோடியும் வேண்டாம். என் பெயர் கசியாமல் இருந்தால் போதும். பெயர் கசிந்தவர்களின் வரிசையில் பொறியாளர் சத்யேந்திர துபே இருக்கிறார். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பெயரை வெளியே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். கடிதம் மேசை மேசையாகப் போயிற்று, பெயரோடு. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார். நடைமுறைக்கு மட்டும் வரவில்லை. சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றமே ஏற்று, இதுதான் சட்டம் என்றது. எங்கள் ஊர் நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் பெரிய கேசுக்கு மேடம்.”

முதல் தகவல் அறிக்கையை இருபத்துநாலு மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்லதுக்குத்தான். என்ன வழக்கு என்றே தெரியாமல் ஏழைகளை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசாங்க வேலையாகக் கொடுத்த புகாரில் என் வீட்டுக் கதவு எண் எதற்கு? கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவியும் ஆபீஸ் விலாசமும் போதாதா? இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டுமா? காவல்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை, அரைப் பக்கம். எத்தனை மனுவில் எழுதிவிட்டோம்!

அந்தக் காலத்தில் என் இடத்தில் இருந்த கர்ணத்துக்கு ஊரில் சொந்தபந்தம் இருந்தது, நிலம் இருந்தது, அதிகாரத்தோடு அக்கிரமமும் இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்தது சரிதான். அதனால்தான் என் மாதிரி ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண் பரீட்சை எழுதி இந்த நாற்காலிக்கு வர முடிந்தது. ஆனால் எனக்கு இந்த ஊரில் பங்காளி இல்லை. பணி செய்கிற கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறேன். ராத்திரி நாய் குரைத்தால் என் கணவர் எழுந்து விளக்கைப் போடாமல் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார். பாப்பாவை இப்போது வேனில் அனுப்புவதில்லை. ஏன் என்று அவள் கேட்கிறாள். வேன் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் அதே வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. அவளும் பார்க்கிறாள்.

“விட்டுடு, கண்டுக்காத, எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க” என்கிறார் என் அம்மா. விட்டுவிடலாம். ஒரு நாள் இந்த ஆற்றங்கரைக் கிணறுகள் எல்லாம் வற்றி, ஊரே குடம் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, ‘நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்று ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வரும், ஒழுங்கு நடவடிக்கையாக 17(பி) சார்ஜ் வரும். அதுவும் என் பெயருக்குத்தான் வரும்.

ஆகவே கலெக்டர் அய்யாவுக்கும், எஸ்.பி. அய்யாவுக்கும், கோட்டையில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை பொக்லைன் சத்தம் கேட்கும்போது எனக்குப் போன் போடுங்கள், வருகிறேன். ஆனால் போலீஸ் ஜீப் முன்னால் போகட்டும். கனிமவளத் துறைக்காரர் அதற்குப் பின்னால் வரட்டும். புகாரில் தாலுகா ஆபீஸ் முத்திரை விழட்டும், கையெழுத்தைத் தாசில்தார் போடட்டும். “அக்கா” என்று போனில் கூப்பிட்டவன் மேல் மறுநாளே நடுவரிடம் அனுமதி வாங்கி வழக்குப் பதியுங்கள். நான் எல்லோருக்கும் கடைசியில் எக்ஸ்.எல். வண்டியில் அண்ணனோடு வந்து, அது எந்தப் புல எண், எத்தனை யூனிட் போயிருக்கிறது என்று சொல்கிறேன். அதுதான் என் வேலை.